புளூடூத் பீக்கனின் திசையைக் கண்டுபிடிக்க: எந்த வன்பொருள் எதோடு சேரும்?

ஒரு புளூடூத் பீக்கன் (தன் அடையாளத்தை ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி) எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை வைத்து அது அருகில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று ஊகிப்பது பழைய வழி. எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்று அளக்கும் வழி, 2019 ஜனவரியில் வந்த புளூடூத் 5.1 தரத்தில்தான் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பெட்டியில் 5.1 என்று போட்டிருக்கிறது, வாங்கலாமா?"

அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். திசை காணல் என்பது 5.1-லும் சரி, அதற்குப் பின் வந்த தரங்களிலும் சரி, கட்டாயம் இல்லாத அம்சம். 5.2, 5.3, 5.4 என்று எது அச்சிட்டிருந்தாலும் அந்தச் சிப்பில் இந்த வசதி இல்லாமலே இருக்கலாம். கல்லூரி புராஜெக்டுக்காக ஐந்தாறாயிரம் ரூபாய் செலவழித்து, மூன்று வாரம் நிரல் எழுதி, கடைசியில் ரேடியோவிலேயே அந்த வசதி இல்லை என்று தெரிந்து உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும். அது நடக்காமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. பொருள் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதில் தொடங்கி, மேசையில் வைத்துச் சோதிப்பது வரை வரிசையாகப் போவோம்.

அளக்கப்படுவது என்ன

குளத்தில் கல்லைப் போட்டால் எழும் அலை, படித்துறையில் இருக்கும் இரண்டு கம்பங்களில் ஒன்றை முதலிலும் மற்றொன்றைச் சற்றுத் தாமதமாகவும் தொடும். அலை நேர் எதிரே வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். ஆன்டெனாக்களிலும் இதேதான். தாமதத்தை நேரமாக அளக்க முடியாத அளவுக்கு அது குறைவு என்பதால், இரண்டு ஆன்டெனாவிலும் அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற ஃபேஸ் வித்தியாசமாக அளக்கிறோம்.

சாதாரண புளூடூத் பாக்கெட்டில் பிட்டுகள் மாறிக்கொண்டே இருப்பதால் அலைவரிசையும் ஆடிக்கொண்டே இருக்கும், ஃபேஸை ஒப்பிட முடியாது. அதனால் பாக்கெட்டின் வாலில் ஒரே சுருதியில் நீளும் ஒரு துண்டைச் சேர்த்தார்கள். இதன் பெயர் கான்ஸ்டன்ட் டோன் எக்ஸ்டென்ஷன், சுருக்கமாக சிடிஇ. நீளம் 16 முதல் 160 மைக்ரோவினாடி. முதல் 4 மைக்ரோவினாடி இடைவெளி, அடுத்த 8 மைக்ரோவினாடி ஒரே ஆன்டெனாவில் எடுக்கும் ஆதார அளவீடு, அதன் பிறகு ஆன்டெனாவை மாற்று, சாம்பிள் எடு, மாற்று, எடு என்று கடைசி வரை. சாம்பிள் ஒவ்வொன்றும் ஐ, க்யூ என்ற இரண்டு எண்கள். அவற்றிலிருந்து ஃபேஸ் கிடைக்கும்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. டேக் (பொருளில் ஒட்டும் சின்ன பீக்கன்) ஒற்றை ஆன்டெனாவோடு அனுப்ப, சுவரிலோ கூரையிலோ இருக்கும் லொக்கேட்டர் என்ற ரிசீவர் பல ஆன்டெனாக்களால் கேட்பது ஏஓஏ (ஆங்கிள் ஆஃப் அரைவல்). பல ஆன்டெனாக்களோடு பீக்கன் அனுப்ப, ஒற்றை ஆன்டெனா உள்ள கருவி கேட்டுத் தன் இடத்தைத் தானே கணிப்பது ஏஓடி (ஆங்கிள் ஆஃப் டிபார்ச்சர்). இரண்டாவதைப் போனில் செய்துவிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். ஆண்ட்ராய்டோ ஐபோனோ புளூடூத்தின் ஐக்யூ சாம்பிளைச் செயலிகளுக்குத் தருவதில்லை, அதனால் அந்த வழி மூடியிருக்கிறது. முதல் முறையாகச் செய்பவர்கள் ஏஓஏ-வோடு நில்லுங்கள். இனி எழுதுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

படி 1: டேக்கைப் பாருங்கள்

கையில் ஏற்கெனவே ஐபீக்கன் (ஆப்பிளின் வடிவம்) அல்லது எடிஸ்டோன் (கூகுளின் வடிவம்) டேக்குகள் இருந்தால், அவற்றை அப்படியே பயன்படுத்த முடியாது. அவை பழைய வகை விளம்பரப் பாக்கெட்டுகளை (இணைப்பு இல்லாமல் எல்லோருக்கும் அறிவிக்கும் அட்வர்டைசிங்) அனுப்புகின்றன, தரத்தின்படி சிடிஇ அதில் ஒட்டாது. சிடிஇ வரக்கூடிய இடங்கள் இரண்டே. ஒன்று, பீரியாடிக் அட்வர்டைசிங், அதாவது இணைப்பு இல்லாமல் குறித்த இடைவெளியில் வரும் பாக்கெட்டுகள். மற்றொன்று, இணைப்பு ஏற்பட்ட பின் லொக்கேட்டர் கேட்க டேக் பதிலாக அனுப்புவது. டேக்கின் விவரத்தாளில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

நீண்ட தூரத்துக்கான கோடட் பிஎச்ஒய் முறையில் சிடிஇ கிடையாது. 1எம், 2எம் (வினாடிக்கு 10 லட்சம், 20 லட்சம் பிட்) என்ற இரண்டு முறைகளில் மட்டுமே. "நீண்ட தூரமும் வேண்டும், திசையும் வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு இந்த இடத்தில் ஏமாற்றம்தான்.

டேக்கின் பக்கத்தில் நல்ல செய்தியும் உண்டு. ஏஓஏ-வில் டேக்குக்கு ஆன்டெனா ஸ்விட்ச் வேண்டாம், சாம்பிள் எடுக்கும் வேலை வேண்டாம். ஒரு சுருதியை அனுப்பினால் போதும். சிஆர்2032 பட்டன் செல்லில் ஓடும் சின்ன டேக்கே தாராளம்.

தங்கள் சொந்தப் பாக்கெட் வடிவத்தில் அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன. பின்லாந்தின் குவுப்பா, 5.1 வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்தத் துறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட டேக்கை வாங்கினால், உங்கள் லொக்கேட்டருக்கு அந்த வடிவம் புரியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "புளூடூத் டேக்தானே" என்று விட்டுவிட வேண்டாம்.

படி 2: சிப்பின் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 52811, 52820, 52833 மூன்றிலும் திசை காணும் வசதி இருக்கிறது. அடுத்த தலைமுறை 5340-லும் இருக்கிறது. ஆனால் வரிசையிலேயே பெரியதும், அதிக நினைவகம் உள்ளதும், கடைகளில் சுலபமாகக் கிடைப்பதுமான 52840-ல் இல்லை. 52832-லும், 52810-லும் இல்லை. எண் பெரியது என்றால் எல்லாம் அடங்கியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. இங்கே அந்தக் கணக்கு சரிவராது. 52840 முதலில் வந்தது, திசை காணல் பின்னால் வந்தது. ரேடியோவின் உள்ளே இருக்க வேண்டிய சுற்று அது, மென்பொருள் புதுப்பித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது.

சிலிக்கன் லேப்ஸின் இஎஃப்ஆர்32பிஜி22 வரிசையிலும் கவனம் வேண்டும். ஒரே குடும்பப் பெயருக்குள் பல ரகங்கள் இருக்கின்றன, பின்னொட்டைப் பொறுத்து ரேடியோ வசதிகள் மாறும். விவரத்தாளின் முதல் சில பக்கங்களில் ஆர்டர் எண்களின் அட்டவணை இருக்கும். மாட்யூலாக வாங்கினாலும், மாட்யூலின் உள்ளே எந்தச் சிப் என்று பார்த்து, அந்த அட்டவணையில் அதன் வரியைத் தேடிப் பிடியுங்கள்.

நம்மிடம் எப்போதும் இருக்கும் போர்டுகள்? முதல் இஎஸ்பி32-ன் புளூடூத் 4.2 காலத்தது. இஎஸ்பி32-சி3, எஸ்3 இரண்டும் 5.0. ராஸ்பெர்ரி பை 4-ன் உள் புளூடூத்தும் 5.0 தான். இவை எதிலும் ஐக்யூ சாம்பிள் கிடைக்காது. பை-யை ஒதுக்க வேண்டாம், கணக்குப் போடும் வேலைக்கு அது அருமையானது. ரேடியோவை மட்டும் வெளியிலிருந்து யுஎஸ்பி வழியாகக் கொடுங்கள்.

படி 3: சிப்பிடமே கேளுங்கள்

விவரத்தாள் குழப்பினால், கையில் இருக்கும் போர்டிடமே கேட்டுவிடலாம். கணினி புளூடூத் சிப்போடு பேசும் எச்சிஐ இடைமுகத்தில், கன்ட்ரோலர் (சிப்பில் ரேடியோவை ஓட்டும் பகுதி) தன் எல்இ (குறைந்த மின்சக்தி புளூடூத்) வசதிகளைச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது: கட்டளைக் குழு எண் (ஓஜிஎஃப்) 8, குழுவுக்குள் கட்டளை எண் (ஓசிஎஃப்) 3. லினக்ஸில் எச்சிஐடூல் வழியாகவே இதை அனுப்பலாம். பதிலில் வரும் எட்டு பைட்டுகளில் மூன்றாவதை மட்டும் பாருங்கள். 16 முதல் 23 வரையான பிட்டுகள் அதில்தான் இருக்கின்றன. பிட் எண்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

பிட் 17-ல் 1 இருந்தால் இணைப்பில் சிடிஇ கேட்க முடியும். 18 என்றால் கேட்டவருக்குப் பதில் கொடுக்க முடியும். 19 இணைப்பில்லாமல் அனுப்ப, 20 இணைப்பில்லாமல் வாங்க. 21 அனுப்பும்போது ஆன்டெனா மாற்ற, 22 வாங்கும்போது ஆன்டெனா மாற்ற. 23 சிடிஇ-யை வாங்கவே முடியும் என்பதற்கு. உங்கள் டேக்குக்கு 18 அல்லது 19 போதும். லொக்கேட்டருக்கு 22, 23 இரண்டும் கட்டாயம், கூடவே 17 அல்லது 20. ஜோடியாகப் பாருங்கள்: டேக்கில் 19 மட்டும் இருந்து லொக்கேட்டரில் 17 மட்டும் இருந்தால், இரண்டும் திசை காணும் சிப்புகள்தான், ஆனாலும் ஒன்றோடு ஒன்று பேசாது.

அடுத்து ஓசிஎஃப் 88 (ஹெக்ஸில் 58). எத்தனை ஆன்டெனா, மாற்றும் வரிசை எவ்வளவு நீளம், சிடிஇ எவ்வளவு நீளம், 1 மைக்ரோவினாடி இடைவெளியில் சாம்பிள் எடுக்க முடியுமா என்று எல்லாம் இதில் வந்துவிடும். தரத்தில் 2 மைக்ரோவினாடிதான் கட்டாயம். 160 மைக்ரோவினாடி சிடிஇ-யில் 2 மைக்ரோவினாடி முறையில் 37 சாம்பிள், 1 மைக்ரோவினாடி முறையில் 74. ஆதார சாம்பிள் 8-ஐச் சேர்த்தால் 45 அல்லது 82.

பிட்டுகள் பூஜ்யமாக வந்தால் உடனே போர்டைக் குறை சொல்லாதீர்கள். சிப்பில் வசதி இருந்தும் அதில் ஏற்றிய கன்ட்ரோலர் மென்பொருள் அதைத் திறந்துவிடாமல் இருக்கலாம். செஃபிர் இயங்குதளத்தில் திசை காணலை உள்ளமைவில் தனியாக இயக்க வேண்டும். அதன் எடுத்துக்காட்டு நிரல்களில் இணைப்பில்லாமல் அனுப்புவது, வாங்குவது என்று தனித்தனியாகவே இருக்கின்றன. முதலில் அவற்றைத் திருத்தாமல் அப்படியே ஏற்றிப் பாருங்கள்.

படி 4: ஆன்டெனா வரிசை

புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. அலைநீளம் 12.1 முதல் 12.5 செ.மீ. அடுத்தடுத்த ஆன்டெனாக்களின் இடைவெளி பாதி அலைநீளத்தைத் தாண்டினால், இரண்டு வெவ்வேறு திசைகள் ஒரே ஃபேஸ் வித்தியாசத்தைக் காட்டும், எது உண்மை என்று பிரிக்க முடியாது. அதனால் 6 செ.மீ. என்பது உச்ச வரம்பு. ரொம்ப நெருக்கினாலும் ஒன்றையொன்று பாதிக்கும், வித்தியாசமும் சிறுத்துவிடும். 4 முதல் 5 செ.மீ. நல்ல அளவு.

5 செ.மீ. வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேஸ் வித்தியாசம் = 360 × இடைவெளி × சைன்(கோணம்) ÷ அலைநீளம். நேர் எதிரிலிருந்து 5 டிகிரி விலகினால் ஃபேஸ் கிட்டத்தட்ட 13 டிகிரி மாறுகிறது. பக்கவாட்டில், 85 டிகிரியிலிருந்து 90-க்குப் போகும்போதோ அரை டிகிரி சொச்சம்தான் மாறுகிறது. அளக்கவே முடியாத மாற்றம் அது. இதனால்தான் லொக்கேட்டரைச் சுவரோரம் பக்கவாட்டாக மாட்டினால் தடுமாறும், கூரையில் கீழ்நோக்கி மாட்டினால் தெளிவாகக் காட்டும்.

நேர்கோட்டில் வைத்த ஆன்டெனாக்கள் ஒரே ஒரு கோணத்தைத்தான் தரும், முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதையும் சொல்லாது. கிடைக் கோணம், ஏற்றக் கோணம் இரண்டும் வேண்டுமென்றால் சதுரமாகவோ 'எல்' வடிவிலோ அடுக்க வேண்டும். பழைய ரவுட்டரின் குச்சி ஆன்டெனாக்களை வரிசையாக நட்டுக் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் டேக்கைக் கையில் திருப்பினால் அலையின் துருவமும் (அது அதிரும் திசை) திரும்பிவிடும், குச்சி ஆன்டெனாவுக்கு அது ஆகாது. நிரந்தர வேலைக்கு, இரு துருவங்களையும் அல்லது வட்டத் துருவத்தைக் கேட்கும் பேட்ச் ஆன்டெனா போர்டு வாங்குவதே நல்லது.

நீங்களே போர்டு வரைகிறீர்களா? சாதாரண எஃப்ஆர்4 தகட்டில் ஒரு மில்லிமீட்டர் தடம் கூடினால் ஏறத்தாழ 5 டிகிரி ஃபேஸ் நகரும். கோஆக்சியல் கேபிளில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் 40 டிகிரிக்கும் மேல். ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் போகும் பாதை ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

படி 5: ஸ்விட்ச், பின், கனெக்டர்

ரேடியோவுக்கு ஒரே ஒரு நுழைவாயில்தான். அதை ஆன்டெனாக்களுக்கு இடையே மாற்றிக்கொடுப்பது ஆர்எஃப் ஸ்விட்ச். மாறுவதற்குக் கிடைக்கும் நேரம் 2 மைக்ரோவினாடி, வேக முறையில் 1. விவரத்தாளில் ஸ்விட்ச் நேரம் இதைவிட நன்றாகக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வேலைக்கென்று வந்த பல ஸ்விட்சுகள் சில நூறு நானோவினாடியில் மாறிவிடும். அணைத்த வாயிலிலிருந்து சிக்னல் கசிவது 20 டெசிபெலாவது கீழே இருக்கட்டும். கட்டுப்பாட்டு மின்னழுத்தம் உங்கள் சிப்பின் மின்னழுத்தத்தோடு பொருந்த வேண்டும்.

52833-ல் ஸ்விட்சை ஓட்ட எட்டு பின்கள் வரை ஒதுக்கலாம். சிப் தானே நேரம் தவறாமல் அவற்றை மாற்றும். டெவலப்மென்ட் போர்டில் நீங்கள் எடுக்கும் பின்னில் ஏற்கெனவே எல்இடியோ பட்டனோ சீரியல் போர்ட்டோ இருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். 5340 எடுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அதில் இரண்டு பிராசஸர் கோர்கள் உண்டு, ரேடியோ இருப்பது நெட்வொர்க் கோரில், பின்கள் தொடக்கத்தில் அப்ளிகேஷன் கோரின் கையில். பின்களை அந்தப் பக்கம் ஒப்படைக்கும் வரியை எழுத மறந்தால், எல்லாம் ஓடுவது போலவே தெரியும், ஆன்டெனா மட்டும் மாறாது.

52833 டெவலப்மென்ட் போர்டில் ஆன்டெனா ஸ்விட்ச் கிடையாது, வெளியே இணைக்க வேண்டும். போர்டில் இருக்கும் குட்டி ஆர்எஃப் கனெக்டர் முராட்டாவின் டெஸ்ட் ரகம். வைஃபை கார்டுகளில் பார்க்கும் யு.எஃப்.எல் கேபிள் அதில் உட்காராது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் அழுத்திச் சொருகி உடைத்துவிடுவார்கள். அதற்கென்ற கேபிளைத் தனியாக வாங்குங்கள்.

படி 6: மேசையில் வைத்து மூன்று சோதனைகள்

எல்லாம் சேர்ந்தாயிற்று, ஐக்யூ எண்கள் கொட்டுகின்றன. நேராகக் கோணக் கணக்குக்குப் போகாதீர்கள்.

முதல் சோதனைக்கு உள்ளங்கை போதும். ஒவ்வொரு சாம்பிளின் ஐ, க்யூ இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஆன்டெனா வாரியாகத் திரையில் கோடுகளாக வரையுங்கள். இப்போது மூன்றாவது ஆன்டெனாவை உள்ளங்கையால் மூடுங்கள். மூன்றாவது கோடு விழ வேண்டும். ஐந்தாவது கோடு விழுந்தால் உங்கள் மாற்று வரிசைப் பட்டியலும் போர்டின் எண்களும் பொருந்தவில்லை. எதுவுமே விழாவிட்டால் ஸ்விட்ச் மாறவே இல்லை. என் அனுபவத்தில், "கோணம் தப்பாக வருகிறது" என்று கொண்டுவரும் போர்டுகளில் கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். கணக்கைத் திருத்தித் திருத்தி நாட்கள் போயிருக்கும், கையை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது சோதனை சுருதியில். 1எம் முறையில் சிடிஇ சுருதி நடு அலைவரிசைக்கு 250 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். 2 மைக்ரோவினாடி முறையில், மாற்ற 2, எடுக்க 2 என்பதால், சாம்பிள்கள் 4 மைக்ரோவினாடிக்கு ஒன்று. 250 கிலோஹெர்ட்ஸ் அந்த நேரத்தில் சரியாக ஒரு முழுச்சுற்று சுற்றும். அதனால் மிஞ்சும் ஃபேஸ் ஆன்டெனாவால் வந்தது மட்டுமே. அழகான ஏற்பாடு, ஆனால் டேக்கின் கிரிஸ்டலும் லொக்கேட்டரின் கிரிஸ்டலும் அச்சாக ஒத்துப்போகாது. 10 கிலோஹெர்ட்ஸ் விலகினாலே ஒவ்வொரு சாம்பிளுக்கும் 14.4 டிகிரி கூடும், 5 செ.மீ. இடைவெளியில் அது கிட்டத்தட்ட 6 டிகிரி திசைத் தப்பு. விலகலைக் கண்டுபிடிக்கத்தான் அந்த முதல் 8 ஆதார சாம்பிள்கள். அவற்றின் ஃபேஸை வரைந்தால் நேர்கோடாக ஏற வேண்டும். அந்தச் சாய்விலிருந்து விலகலைக் கணக்கிட்டு மற்ற எல்லாச் சாம்பிள்களிலும் கழியுங்கள். கோடு கோணலாக வந்தால், சிக்னல் ரொம்பப் பலமாக வந்து ரிசீவர் திணறுகிறதா என்று பாருங்கள். டேக்கை ஆன்டெனாவுக்கு ஒட்டி வைத்திருப்பீர்கள்.

மூன்றாவது, திசைமானிச் சோதனை. சார்ட் பேப்பரில் 10 டிகிரிக்கு ஒரு கோடு வரைந்து, நடுவில் ஆன்டெனா போர்டை நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மர ஸ்டூலில் டேக்கை வையுங்கள். நேர் எதிரில் வைக்கும்போது எல்லா ஆன்டெனா ஃபேஸும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் போர்டுடையது, குறித்துவைத்து நிரந்தரமாகக் கழியுங்கள். அப்புறம் போர்டை 10 டிகிரி 10 டிகிரியாகத் திருப்பி, காகிதக் கோணத்தையும் திரைக் கோணத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

இதைச் செய்யும் அறையில் ஸ்டீல் பீரோ இருந்தால் வெளியே எடுங்கள். நாங்கள் ஒருமுறை ஒரு பக்கம் மட்டும் கோணம் தாவித் தாவி வருவதைப் பார்த்து, ஸ்விட்ச், கேபிள், நிரல் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். பீரோவின் கதவைத் திறந்து மூடியபோது திரையில் எண் நகர்ந்தது. அந்தக் கதவுதான் கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் வைத்து மறுபடி அளந்தோம், கோணம் சீராக வந்தது.

படி 7: தரவு வெளியே போகும் வழி

ஒரு சாம்பிளுக்கு இரண்டு பைட். 45 சாம்பிள் என்றால் பாக்கெட்டுக்கு 90 பைட். 50 டேக்குகள் வினாடிக்குப் பத்து முறை அனுப்பினால் 45,000 பைட். வழக்கமான 115200 பாட் சீரியல் வினாடிக்கு 11,520 பைட்டுக்கு மேல் தாங்காது. 10 லட்சம் பாட் வைத்தால் ஓடும், யுஎஸ்பி இன்னும் நிம்மதி. இணைப்பில்லா முறையில் லொக்கேட்டர் ஒவ்வொரு டேக்கோடும் தனித்தனியாக ஒத்திசைய வேண்டும், அந்த எண்ணிக்கைக்கு நினைவகம் ஒரு வரம்பு போடும். டேக் எத்தனை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பாக்கெட்டுகள் சானல் சானலாகத் தாவி வரும். ஐக்யூ அறிக்கையில் சானல் எண் இருக்கும், அலைநீளத்தை அதிலிருந்து எடுங்கள், ஒரே எண்ணைப் போட்டுவிட வேண்டாம். பல சானல்களின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் எதிரொலியின் தொல்லையும் குறையும்.

கடைசியாக எத்தனை லொக்கேட்டர் வாங்குவது என்ற கேள்வி. 5 டிகிரி தப்பு என்பது 5 மீட்டர் தூரத்தில் 44 செ.மீ., 10 மீட்டரில் 87 செ.மீ. டேக் இருக்கும் உயரம் தெரியும் என்றால், உதாரணமாகத் தரையில் உருளும் தள்ளுவண்டி, கூரையில் ஒரே லொக்கேட்டர் இரு கோணங்களையும் வைத்து இடத்தைச் சொல்லிவிடும். உயரம் மாறும் என்றால் குறைந்தது இரண்டு வேண்டும், அவற்றின் கோடுகள் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டும்படி மாட்டுங்கள். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, ஆறாவது படியின் மூன்று சோதனைகளையும் உங்கள் சொந்த இடத்தில் செய்து பார்த்த பிறகு மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுங்கள்.